மூன்றாவது ‘போதும்’

இன்னொருக்கா அண்ணன் கண்ணெதிரே அரை வயிற்றோடு எழுந்து போன மனிதன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், அவனை மண்டப வாசலிலேயே மறித்துக் கையைப் பிடித்து இழுத்து வந்து மறுபடியும் இலைமுன் உட்கார வைத்திருப்பார். நான் சொல்வது ஒரு கரண்டி கூடுதலாக இருக்கலாம். அவரைப் பற்றிப் பேசும்போது என்னால் அளவாகப் பேச முடிவதில்லை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை. சுத்தமான, கலப்படமே இல்லாத, வயிறு எரிகிற பொறாமை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாண மண்டபங்களில் அவர் பந்தி மேஸ்திரி. சமைப்பவர்கள் சமைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். யார் சாம்பார் வாளி தூக்குவது, எந்த வரிசைக்கு எப்போது ரசம் போவது என்பதெல்லாம் இவர் கண்ணசைவில் நடக்கும். ‘இன்னொரு தடவை’ என்பதைக் கோயமுத்தூர்ப் பக்கம் ‘இன்னொருக்கா’ என்போம். இலை இலையாகக் குனிந்து, “இன்னொருக்கா வாங்கிக்குங்க, இன்னொருக்கா வாங்கிக்குங்க” என்று முப்பது வருடம் சொல்லி, அந்த வார்த்தை அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. ஆள் ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டை. எல்லோரும் பேனா செருகும் பாக்கெட்டில் இவர் நெய் ஸ்பூன் செருகியிருப்பார்.

பீளமேட்டில் எங்கள் வீதி முனை பேக்கரிக்கு டீ குடிக்க வருவார். பக்கத்து மேஜையில் யாரோ ஒரு ஐ.டி. பையன் தேங்காய் பன் தின்றுகொண்டிருப்பான். அவனுடைய கடைசி வாய் உள்ளே போவதற்குள் தட்டில் இன்னொரு பன் விழும். “ஏனுங் தம்பி, இன்னொருக்கா!” பையன் திருதிருவென்று முழிப்பான். அண்ணன் அதற்குள் அடுத்த மேஜைக்குப் போயிருப்பார். பேக்கரிக்காரர் ஒரு நாளும் அவரைத் தடுத்ததில்லை. எப்படித் தடுப்பார்? அவருக்கு நல்ல வியாபாரம்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். எதிர் வீட்டுப் பெரியவர் தொண்ணூறு வயதில் காலமானபோது நடந்ததைக் கேளுங்கள். வாய்க்கரிசி போடுகிற நேரம். வீதியே கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறது. மருமகன் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். பின்னாலிருந்து, முப்பது வருடப் பழக்கத்தில், கணீரென்று ஒரு குரல்: “இன்னொருக்கா போடுங்க!”

ஒப்பாரி நின்றுவிட்டது. இன்றைக்கு இந்த ஆளுக்கு நாலு சாத்து நிச்சயம் என்று, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகக் காத்திருந்தேன். பெரியவரின் மனைவி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். “அந்தத் தம்பி சொல்றது செரிதான். இந்த மனுசனுக்கு ஒரு பிடி எப்பப் பத்துச்சு?” என்றபடி, கை நிறைய அரிசியை அள்ளித் தானே போட்டார். அழுதுகொண்டே சிரித்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தால் என்னையும் சேர்த்து எடுத்துப் போயிருப்பார்கள்.

இனி என்னைப் பற்றி. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பதினோரு வருடங்களாக நான்தான் செக்ரட்டரி. எதிர்த்து நிற்க யாருக்கும் நேரமில்லை என்பதால்தான் என்று என் மனைவி சொல்வாள், அதை விடுங்கள். மரியாதை என்றால் எனக்கு உயிர். என் மச்சினன் தன் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டு, போனில் “வந்துருங்க மச்சான்” என்றான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீடு தேடி வந்து, ‘குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுங்க’ என்று வாய் நிறையச் சொல்லாத கல்யாணத்துக்கு நம் பக்கத்து ஆள் எவனாவது போவானா? நான் போகவில்லை. மனைவி மட்டும் போய்விட்டு வந்து இரண்டு மாதம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீதியின் கோடியில் மூடிப்போன மில்லின் லைன் வீடுகள் இருக்கின்றன. கட்டட வேலை, பவுண்டரி வேலை, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் அவர்கள் பிள்ளைகளுக்கு மதியம் முட்டையோடு சோறு அங்கேயே கிடைத்துவிடும். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் அந்தச் சோற்றையும் சேர்த்துப் பூட்டியது மாதிரிதான். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு மதியம், வீதிக் குழாயில் ஒரு சின்னப் பெண் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெயர் பவி, ஏழு வயது இருக்கும். “சாப்பிட்டாச்சா கண்ணு?” என்று கேட்டேன். “இனிமேத்தானுங்க” என்றாள். மணி மூன்றரை.

அன்று மாலையே சங்கத்தைக் கூட்டி, பள்ளி திறக்கும்வரை லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் ஹாலில் இலவச மதியச் சாப்பாடு என்று தீர்மானம் போட்டேன். அதை நல்ல மனத்தோடுதான் செய்தேன், நம்புங்கள். அதற்கப்புறம் நான் செய்தவற்றுக்கு மட்டும் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஏற்பாடெல்லாம் அமர்க்களம். வீதி முனையில் பத்தடி ஃபிளெக்ஸ் வைத்தேன். ‘ஏழைக் குழந்தைகளுக்கு இலவச மதிய உணவு’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. ஒரு மூலையில் சோற்றுத் தட்டு, மற்ற மூன்று மூலைகளையும் அடைத்துக்கொண்டு என் சிரித்த முகம். மஞ்சள் கலரில் டோக்கன். பன்னிரண்டரைக்கு வரிசை, ஒன்றே காலுக்குக் கதவடைப்பு. தக்காளிச் சாதம், அவித்த முட்டை. முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் ஆறு பேர். மூன்றாம் நாள் ஒரு பையனும் அவன் பின்னால் ஒரு நாயும். நாய்தான் கடைசிவரை இருந்தது.

“மத்த பசங்கல்லாம் எங்கடா கண்ணு?” என்று அவனைக் கேட்டேன்.

“பந்திக்குப் போயிட்டாங்க சார்.”

“யாரு ஊட்டுப் பந்திக்கு?”

“இன்னொருக்கா மாமா ஊட்டுப் பந்திக்குங்க. நானும் போகோணும், சீக்கிரமாப் போடுங்க.”

வயிற்றில் யாரோ மிளகாய் அரைத்தார்கள். அவன் கைகாட்டிய பக்கம், லைன் வீடுகளை ஒட்டிப் பூட்டிக்கிடந்த பழைய லேத் பட்டறை ஷெட்டுக்கு ஓடினேன். வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே நீளப் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, நாற்பது பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம், மேலே நெய், அப்பளம், ரசம், மோர். தான் வேலை செய்த கல்யாண வீடுகளில் எல்லாம், “என்ற ஒறம்பரைக்குங்க” என்று சொல்லி அரிசி பருப்பு கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். ‘என்ற ஒறம்பரை’ என்றால் என் உறவுக்காரர்கள். நாற்பது உறவுக்காரர்கள்!

பார்த்ததும் ஒரு நல்ல மனிதன் என்ன நினைக்க வேண்டும்? பிள்ளைகள் வயிறு நிறைகிறதே, போதுமே என்று. நான் என்ன நினைத்தேன்? எச்சில் இலைகளை இந்த ஆள் எங்கே போடுகிறார், அதில் மாட்டிவிடலாமா என்று. சங்கத்தின் பெயரில் ஒரு நோட்டீசே எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு இலை வெளியே கிடக்க வேண்டுமே! பக்கத்து வீதி மாட்டுக்காரர் அத்தனை இலையையும் அள்ளிப்போய்த் தன் மாடுகளுக்குப் போட்டுவிடுகிறாராம். அந்த மாடுகள் மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சிக்கன் பிரியாணி. வாசனை லைன் வீடுகளுக்குப் போகட்டும் என்று ஹால் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். வந்துவிட்டார்கள்! முப்பத்தெட்டுப் பேர்! டோக்கனோடு வரிசையில் நின்றார்கள், வாங்கினார்கள், சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். “இன்னும் வேணுமா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். “போதுங்க” என்று ஒரே குரலில் சொன்னார்கள். எட்டு மாதத்துக்கு முன் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன்கூட அழகாகப் “போதுங்க” என்றான். சரி என்று அண்டாவை மூடினேன். அரை அண்டா அப்படியே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பிரியாணியைத் தின்ற முப்பத்தெட்டும் நேராக அந்த ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

இதற்குமேல் என்ன மானம்? பின்னாலேயே போய், ஷெட் வாசலில் கிடந்த ஒரு துருப்பிடித்த டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஐம்பத்தெட்டு வயது, சங்கச் செயலாளர், டிரம்முக்குப் பின்னால்.

“வாங்க, வாங்க! ஏனுங் அம்மணி, தம்பி வரலீங்களா? தூங்கறானா? செரி, போறப்ப அவனுக்கு எடுத்துட்டுப் போங்க” என்று ஆறு வயதுப் பெண்ணை அண்ணன் வரவேற்றுக்கொண்டிருந்தார். பவி முன்வரிசையில் இருந்தாள். அவள் இலையில் ஒரு கரண்டி விழுந்தது.

“போதுங்க மாமா.”

“அட, இன்னொருக்கா.”

“போதுங்க.”

“யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க? இன்னொருக்கா!”

“ஐயோ, போதும் மாமா!” என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் இலையை மூடினாள். அவர் பாக்கெட்டிலிருந்து ஸ்பூனை எடுத்து ஒரு சொட்டு நெய்யை விட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“செக்ரட்டரி! ஏனுங் டிரம்முக்குப் பின்னால நிக்கறீங்க? வாங்க, உக்காருங்க.”

“இல்ல, நான் சாப்பிட்டுட்டேன்” என்றேன். சாப்பிடவில்லை.

“அதனாலென்னங்க, இன்னொருக்கா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “இந்தப் புள்ளைக இப்பத்தானுங்க என்றகிட்டப் பிரியாணி தின்னுதுக. நானும் கேட்டேன், போதும்னு எந்திரிச்சுதுக. இங்க வந்து மறுபடியும் திங்குதுக. இதென்னங்க நியாயம்?”

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். “எத்தனாவது போதும்னு சொன்னாங்க?”

“எத்தனாவதுன்னா?”

“மொதப் போதும் மரியாதைக்குச் சொல்றதுங்க. ரெண்டாவது வெக்கத்துல சொல்றது. மூணாவது போதும் இருக்குது பாருங்க, அதுதான் வயித்துல இருந்து வரும். நீங்க மொதப் போதுமுக்கே மூடிப்போட்டீங்களாட்ட இருக்குது.” குற்றம் சொல்கிற தொனியே இல்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். “அப்படி என்னதான் செஞ்சு மயக்கினாரு அந்த ஆளு?” என்றேன். அவள் பருப்பு புடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணும் மயக்கலீங்க. தட்டுல குங்குமமும் கல்கண்டும் வெச்சு, ஒவ்வொரு ஊடாப் போயி, அந்தப் புள்ளைக பேரச் சொல்லிக் கூப்பிட்டாருங்க. நீங்க வாட்ஸ்அப்புல கூப்பிட்டாங்கன்னு என்ற தம்பி மகக் கல்யாணத்துக்கே வரல. ஏழைன்னு ஃபிளெக்ஸ் போட்டுக் கூப்பிட்டா அந்தப் புள்ளைக மட்டும் எப்படிங்க வரும்?”

பத்திரிகையில் பெயரில்லை, நேரில் அழைக்கவில்லை என்று ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு முறுக்கிக்கொண்டு போகாத நான், நாற்பது பிள்ளைகளைச் சிவப்புக் கொட்டை எழுத்தில் அழைத்திருக்கிறேன். அன்று மாலையே ஃபிளெக்ஸை நானே கழற்றினேன். ‘காற்றில் கிழிந்துவிட்டது’ என்று சங்கத்து குரூப்பில் போட்டேன். மரத்தில் ஒரு இலைகூட ஆடாத மே மாதம்.

ஆனால் பொறாமை அத்தனை சுலபத்தில் போகிற சாமானா? புதுசாக ஒன்று முளைத்தது. வீதியில் அத்தனை வீட்டுக்கும் தட்டோடு போன மனிதர் என் வீட்டுக்கு வரவில்லையே! பக்கத்து வீட்டுக்காரரைக்கூட, “ஒரு நாளைக்கு வந்து எலைல உக்காருங்க” என்று அழைத்திருக்கிறார். என்னை மட்டும் விட்டுவிட்டார்.

வைகாசி பிறந்தது. முகூர்த்தங்கள் வரிசை கட்டின. ஒரு காலையில் அழைப்பு மணி. திறந்தால் இன்னொருக்கா அண்ணன், கையில் அந்தப் பித்தளைத் தட்டு.

“இப்பத்தான் என்ற ஊடு கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?” என்றேன். இப்படிக் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது.

“மனசுல வெச்சிருப்பீங்கன்னு தெரியுமுங்க” என்றார். “ஆனா கூப்பிடறது வெளியாளுகளத்தானுங்க. மொதல்ல அடுப்பு மூட்டுனது நீங்க. உங்களப் பாத்துத்தான் நானே ஆரம்பிச்சேன். கல்யாண ஊட்டுக்காரருக்கே பத்திரிகை வெப்பாங்களா?” மூச்சு விடாமல் மேலே பேசினார். “அன்னூர்ல நாலு நாள் கல்யாணம் இருக்குதுங்க. நான் போயே ஆகோணும். இந்த நாலு நாளும் புள்ளைகளுக்குப் பந்தி நின்னுபோயிரும். நீங்கதான் நடத்திக் குடுக்கோணும். இந்தாங்க.”

தட்டை என் கையில் வைத்துவிட்டார்.

“புள்ளைகளத்தான் நீங்களே முன்னமே கூப்பிட்டாச்சே, மறுபடியும் தட்டு எதுக்குங்க?”

“நான் கூப்பிட்டது என்ற பந்திக்குங்க. உங்க பந்திக்கு நீங்கதான் கூப்பிடோணும்.”

அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளுக்குள் நடந்தபோது எனக்கு வேர்த்த வேர்வையை இப்போது நினைத்தாலும் சட்டை ஒட்டுகிறது. வரவில்லை என்றால்? நான் தோற்றால் பரவாயில்லை, நாலு நாள் குழாய்த் தண்ணீர்தான் அந்தப் பிள்ளைகளுக்கு. முதல் வீட்டில் பவி. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் சங்கக் கூட்டத்தில் பேசுவது போலத் தொண்டையைச் செருமி, “சங்கத்தின் சார்பாக, நாளை திங்கள் முதல்…” என்று தொடங்கினேன்.

“மொதல்ல குங்குமம் எடுத்துக்குங்கன்னு சொல்லோணுங்க” என்றாள் பவி.

“குங்குமம் எடுத்துக்கோ.”

“எடுத்துக்குங்க.”

“எடுத்துக்குங்க” என்றேன்.

எடுத்து வைத்துக்கொண்டாள். கல்கண்டை வாயில் போட்டாள். “ஊட்ல எல்லாருமே வரோணும்னு சொல்லோணும்.”

“எல்லாருமே வரோணுங்க, அம்மணி.”

“பாக்கலாங்க” என்றாள், பெரிய மனுஷி மாதிரி. “நாளைக்கு வேலை கெடக்குது. முடிஞ்சா வாரோம்.” எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. மீதி வீடுகளில் ஒருவாறு தேறிவிட்டேன்.

மறுநாள் ஹாலில் வரிசைக் கயிறு இல்லை, டோக்கன் இல்லை. பாய் விரித்து இலை போட்டு, நானும் மனைவியும் வாளியோடு நின்றோம். பன்னிரண்டரை. ஒருவரும் இல்லை. பன்னிரண்டே முக்கால். அந்தப் பழைய நாய் மட்டும் வந்து எட்டிப் பார்த்தது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வீதி முனையில் சலசலப்பு. தலை வாரி, பவுடர் பூசி, பவி முன்னால் நடக்க, பின்னால் ஒரு படையே வந்தது. உடுத்திக்கொண்டு வர நேரமாகிவிட்டதாம். கல்யாணத்துக்கு யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள்?

பவி இலையில் ஒரு கரண்டி வைத்தேன். சாப்பிட்டாள். “போதுங்க” என்றாள்.

எனக்கு அடுத்த வார்த்தை தெரியும். ஆனால் அது அந்த ஆளின் வார்த்தை. அதைச் சொன்னால் நான் தோற்றுவிட்டதாக ஆகிவிடும். “கொஞ்சம் போடட்டா?” என்றேன். “போதுங்க.” “இன்னும் இருக்குது” என்றேன். இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்கக் கையை மடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தது. பவிக்குக் குழாயடியில் பார்த்த அதே முகம். அட, போகட்டும், நான் தோற்றால் என்ன குடி முழுகிப்போச்சு!

“இன்னொருக்கா!” என்றேன்.

ஹாலே சிரித்தது. இலைகள் நகர்ந்து வந்தன. ஒரே அண்டாவோடு நிறுத்த முடியவில்லை, மனைவி வீட்டுக்கு ஓடி மறுபடியும் உலை வைத்தாள். போகும்போது பவி என்னிடம் சொன்னாள்: “மாமா சொல்ற மாதிரி வரலீங்க. நாளைக்குச் செரியாப்போயிரும்.”

நாலு நாள் கழித்து அண்ணன் அன்னூரிலிருந்து வந்து இறங்கியதும், நான் உயிரைக் கொடுத்து அழைத்து வந்த பிள்ளைகள் என்னைத் தள்ளிக்கொண்டு அவர் காலைக் கட்டிக்கொண்டன. எரியுமா, எரியாதா? அதற்கப்புறம் பந்தி ஒன்றுதான், எங்கள் ஹாலில். இந்தப் பக்கம் வரிசை அவருக்கு, அந்தப் பக்கம் வரிசை எனக்கு. அவருடைய வரிசையில் உட்காரத்தான் தினமும் அடிதடி. இன்றைக்கும், எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ கரண்டி போட்டபிறகும், அந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்றை மட்டும் தற்செயலாகக் கவனித்தேன். எல்லோரும் போனபிறகு அவர் அண்டாவின் அடியைச் சுரண்டி, மூடியைத் திருப்பி அதில் போட்டு, சுவரோரம் நின்றுகொண்டே சாப்பிடுவார். முப்பது வருடமாக அப்படித்தானாம். ஊரையே உட்கார வைத்த மனிதரை யாரும் ஒரு நாள் உட்கார வைக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் காலை, அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு அவர் தட்டையே எடுத்துக்கொண்டு போனேன். குங்குமம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு. “இன்னிக்கு மத்தியானம் நம்ம ஊட்டுப் பந்திங்க. கண்டிப்பா வரோணும்” என்றேன். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னையவா கூப்பிடறீங்க?” என்றார். நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னொரு தடவை முழுதாகச் சொன்னேன்.

சலவை வேட்டியோடு வந்தார். பாக்கெட்டில் ஸ்பூன் இல்லை. நாற்பது பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்க, கூச்சத்தில் நெளிந்துகொண்டு இலைமுன் உட்கார்ந்தார். நான் குனிந்து பரிமாறினேன். “போதுங்க” என்றார். போட்டேன். “போதுங்க செக்ரட்டரி” என்றார். போட்டேன். மூன்றாவது முறை இரண்டு கையாலும் இலையை மூடி, தலை நிமிராமலே, “போதும்” என்றார்.

மூன்றாவது போதும் வயிற்றிலிருந்து வருவது என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஆனாலும் எனக்கு அந்த இலையை விட்டு நகர மனம் வரவில்லை.